தேவசகாயத்தைத் தன்னலமற்றவர் என்று சொல்லாதீர்கள்

செய்தியை எனக்கு ஓர் இயந்திரம்தான் படித்துச் சொன்னது. செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தொலைபேசி ஆபரேட்டர். வலது காதில் அலுவலக ஹெட்போன், இடது காதில் என் கைபேசியின் இயர்போன். இப்படித்தான் என் பகல் பொழுது போகும். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கைபேசியில் வரும் எழுத்தையெல்லாம் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் குரலாக்கித் தரும். ஓர் அழைப்பை மேல்மாடிக்கு மாற்றிவிட்டு, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருள் செய்யும் நம் கட்டற்ற மென்பொருள் குழுவின் செய்திகளைத் திறந்தேன். "நம் தேவசகாயம் இன்று காலை காலமானார்" என்றது குரல். மின்கட்டணம் கட்டச் சொல்லும் அதே தொனி. பெயரை மட்டும் பிசகாமல் சொன்னது. சில வருடங்களுக்கு முன்பு வரை அந்தக் குரல் அவன் பெயரை 'தேவி'யில் வரும் 'தே'யை விட்டுவிட்டு, 'தேன்' என்ற சொல்லில் வரும் 'தே'யைப் போட்டுத்தான் தொடங்கும். அதைத் திருத்தியவன் அவன்தான்.

மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் படித்தது. பிறகு ஓர் அழைப்பு வந்தது, பேசினேன். இன்னொன்று வந்தது, பேசினேன். மூன்றாவது அழைப்பில் யாரோ ஒருவர், "ஏம்மா, அழறியா?" என்று கேட்ட பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இரங்கல் குறிப்புகள் வந்து குவிந்துவிட்டன. 'தன்னலமற்ற சேவகர்.' 'எதையும் எதிர்பார்க்காத உள்ளம்.' 'புகழ் தேடாத தொண்டர்.' குரல் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்குத் துக்கம் போய் ஆத்திரம் வந்தது. இதை எழுதுவது அந்த ஆத்திரத்தில்தான். நினைவஞ்சலி என்றால் நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்று குழுவில் சொன்னார்கள். அவர் என்று மரியாதையாக எழுதும்படியும் சொன்னார்கள். என்னைவிட ஏழு வயது இளையவன், என்னை "யக்கா" என்று கூப்பிட்டவன். எனக்கு அவன் என்றுதான் வருகிறது. நல்லதாக நாலு வார்த்தையைவிட உண்மையாக நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

அவனைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். இவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, தேர்வாய் கண்டிகையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தான். நிரல் எழுத அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனாகவே பழுது பார்த்த ஒரு பழைய மடிக்கணினி வைத்திருந்தான். அதில் 'ள' எழுத்துக்கான விசை வேலை செய்யாது. தேவைப்படும்போதெல்லாம் வேறெங்கிருந்தாவது ஒரு 'ள'வை எடுத்து ஒட்டுவான். அந்தக் கணினியில்தான், இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பார்வையற்றவர்கள் கேட்கும் குரலைத் திருத்தினான்.

அவனை நான் முதலில் சந்தித்தது நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டியூஷன் சென்டர் மாடி, உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒருவர் தமிழ்த் திரைவாசிப்பானை இயக்கிக் காட்டி, "இனிமே தமிழ்ல எல்லாமே படிக்கும்" என்று முடித்தார். நான் எழுந்து நின்றேன். இந்தக் குரலை நான் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிறேன், இது 'பஸ்'ஸைப் 'பசி' மாதிரிப் படிக்கிறது, என் சொந்த ஊரான ஆர்.கே.பேட்டையை 'ஆர் புள்ளி கே புள்ளி பேட்டை' என்கிறது, அரசாணை எண்ணைப் படித்தால் லாட்டரி முடிவு மாதிரி இருக்கிறது என்று கொட்டித் தீர்த்தேன். அவருக்கு முகம் சுருங்கியிருக்கவேண்டும். "இலவசமா கிடைக்கிற ஒன்னுல இவ்வளவு குறை சொல்லலாமா மேடம்?" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா சார் நீங்க? அந்தம்மா எங்க குறை சொன்னாங்க? உக்காந்து நாம பாக்க வேண்டிய வேலைய அவங்க பாத்து குட்த்துக்கினு கீறாங்க."

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்தான். மெஷின் ஆயில் வாசனையும், அதைப் போக்கப் போட்ட சோப்பின் வாசனையும் சேர்ந்து வந்தன. "யக்கா, எம்பேரு தேவசகாயம். ஃபிட்டரு. நீ சொன்னதுல ரெண்ட எயுதிக்கினேன். மிச்சத்த திருப்பிச் சொல்லு" என்றான். படியிறங்கும் வரை சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரை சொன்னேன். அடுத்த ஞாயிறு வந்தபோது ஆர்.கே.பேட்டை சரியாக இருந்தது. மற்ற எதுவும் சரியாக இல்லை. "உன் ஊர மொதல்ல பாத்தேன். அப்பதான் நீ அடுத்த வாரமும் வருவ" என்றான்.

அப்படித் தொடங்கியதுதான் உச்சரிப்புப் பட்டியல். எந்தச் சொல்லை எப்படிப் படிக்கவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு நீண்ட கோப்பு. அதை அவன் எங்கே உட்கார்ந்து செய்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் செய்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்து சீட்காரரிடம் கைபேசியை நீட்டி, "அண்ணா, 'குடோன்' சொல்லு. 'ஓவர்டைம்' சொல்லு" என்பான். முதலில் கிண்டல் செய்தவர்கள் பிறகு வரிசையில் நின்றார்கள். கேன்டீனில் சமைக்கும் அம்சா காய்கறிப் பெயர்கள் அத்தனையும் சொன்னாள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த செக்யூரிட்டி முனிரத்தினம் தன் பக்கத்து ஊர்ப் பெயர்களையெல்லாம் சொன்னார். பள்ளிப்பட்டைப் போலவே எங்கள் ஆர்.கே.பேட்டை பக்கமும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேச்சைப் பதிவில் கேட்கும்போதெல்லாம் என் நைனாவே பேசுகிற மாதிரி இருக்கும். இப்படி முப்பத்தேழு பேர். யார் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அவர் பெயரைக் கோப்பில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தான். பட்டியலின் உரிமத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் உழைத்தவர்களின் பெயரை நீக்கக்கூடாது.

முனிரத்தினம் 'பள்ளிப்பட்டு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு வேகத்தடையில் ஏறித் தூக்கிப் போட்டது. 'பள்ளி' என்று சொல்லி, மூச்சு வாங்கி, 'பட்டு' என்றார். தேவா அதைக் கவனிக்காமல் நடுவில் ஓர் இடைவெளியோடு அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டான். பள்ளிக்கூடத்தில் பட்டுச்சேலை விற்கிற மாதிரி படித்தது குரல். நானும் அவனும் சிரித்தோம். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அவனோடு வேலை செய்வது சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். பிடிவாதக்காரன். 'ழ'வுக்காக இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தான். அவன் பேச்சில் ழ கிடையாது. எழுது என்பதை எயுது என்பான். இயந்திரம் ழ சொல்லியே ஆகவேண்டும் என்றேன் நான். "எங்க ஊர்ல யாருமே சொல்லாத சத்தத்த எதுக்கு மெஷினு சொல்லணும்?" என்றான். மூன்றாவது வாரம் அவனாகவே வந்து, "சரி, மெஷினு சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்" என்று சமாதானம் ஆனான்.

கேரளத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த மாநாட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். அவனுக்கு அங்கே அரை மணி நேர உரை. முன்பதிவில்லாப் பெட்டியில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்து வந்தான். போய்ச் சேர்ந்து பதிவு மேசைக்கு முன்னால் நின்றோம். மேசையில் இருந்த பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "இவங்க பேர் என்ன?" என்று அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவங்களுக்கு வாய் கீது, அவங்களாண்ட கேளுங்க" என்று அவன் சொன்னதை நான் ஆங்கிலத்தில் அவளுக்குச் சொன்னேன். என் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவன் கழுத்திலும் ஒன்று மாட்டினார்கள். பிறகு அந்தப் பெண் என்னிடம், "உங்க ஊர்லேருந்து சாப்ட்வேர் இன்ஜினியர் ஒருத்தர் பேச வர்றார், இன்னும் பதிவு பண்ணல. எப்ப வருவார்னு தெரியுமா?" என்றாள்.

"வந்துக்கினே இருக்காரு" என்றான் தேவா.

அவன் கழுத்தில் இருந்த அட்டையில் 'உதவியாளர்' என்று அச்சிட்டிருந்ததை அவன்தான் எனக்குப் படித்துச் சொன்னான். குருட்டுப் பெண்ணைக் கூட்டிவந்த ஆள். அந்த அட்டையோடுதான் மேடை ஏறினான். அறிமுகப்படுத்த வந்தவர் ஒலிபெருக்கியில், "உதவியாளர்கள் கீழே உட்காரலாம்" என்றார். அவன், "நான்தாங்க தேவசகாயம்" என்றான். கூடத்தில் சில பேர் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லிச் சண்டை போட எழுந்தேன். அவன் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

திரும்பி வரும் ரயிலில், அரக்கோணம் தாண்டியதும், "சிரிச்சிக்கினே பேசினியே, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கேட்டேன். "கீதுக்கா. அங்க கத்தியிருந்தா அத மட்டுந்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிப்பாங்க. நான் சொல்லப் போனது போயிருக்கும்" என்றான். பிறகு, "ஆனா ஊட்டுக்குப் போய் எயுதப் போறேன்" என்றான். எழுதினான். எந்த மென்பொருள் நிறுவனத்திலும் இல்லாதவர்களும் பேச வரும் இடத்தில் பதிவுப் படிவத்தில் நிறுவனத்தின் பெயர் கட்டாயம் என்று இருப்பது ஏன் தவறு, பார்வையற்றவரோடு வருபவரை உதவியாளர் என்று முன்கூட்டியே முடிவு செய்வது ஏன் தவறு, எப்படி மாற்றவேண்டும் என்று மாநாட்டுக்காரர்களுக்கு வழு அறிக்கை அனுப்பினான். மென்பொருளில் தவறு இருந்தால் எழுதுவோமே, அதே வடிவத்தில். "கோவம் வந்தா எயுது யக்கா. எந்த எடம், இன்னா செஞ்சாங்க, இன்னா ஆச்சி. மூணும் இருந்தாதான் கோவம் வேலைக்கு ஆவும். இல்லாங்காட்டி வெறும் பேஜாருதான்" என்பது அவன் வாக்கு.

அடுத்து வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சிறிய மொழிகளுக்கான குரல் மென்பொருள் பற்றிய மாநாடு. பயணத்தை அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விசாவுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இவர் எங்கள் ஊழியர், விடுப்பில் போகிறார், திரும்பி வருவார் என்று மூன்று வரி. மனிதவளப் பிரிவில் நான்கு முறை போய் நின்றான். கடைசி முறை அங்கே கேட்டதை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினான். "ஃபிட்டருக்கு இன்னாத்துக்குய்யா சாப்ட்வேர் மாநாடு? யார் டிக்கெட் இது? ஆள மாத்தி அனுப்புறானுங்களா?" கடிதம் வரவில்லை. விசாவும் இல்லை.

மாநாடு நடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் அவன் வீட்டில் இருந்தேன். நேரலையைக் கேட்கலாம் என்று கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி ரெஜினா டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில், தமிழ்ச் செயலி ஒன்றை விற்கும் நிறுவனத்தின் மேலாளர் பேசினார். பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. குழுவில் எல்லோருக்கும் தெரியும். தங்கள் நிறுவனமே உருவாக்கிய தமிழ்க் குரல் என்று சொல்லி, தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தார். திருத்தணி, ஊத்துக்கோட்டை எல்லாம் அருமையாக வந்தன. அடுத்து வந்தது பள்ளிப்பட்டு.

'பள்ளி' என்றது. மூச்சு வாங்கியது. 'பட்டு' என்றது.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த ரெஜினாவின் கை நின்றது எனக்குக் கேட்டது. தேவா மெதுவாக, "யக்கா, கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"அது நம்ம ஸ்பீட் பிரேக்கரு."

அவர்கள் செயலியைப் பிரித்துப் பார்த்தான். எங்கள் பட்டியல் முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இருந்த பெயர்கள் மட்டும் இல்லை. யாரோ உட்கார்ந்து முப்பத்தேழு பேரையும் துடைத்திருந்தார்கள். தெரியாமல் விட்டுப்போன தவறு அல்ல அது. பெயர்களை நீக்குவதற்கும் ஒருவர் வேலை செய்திருக்கவேண்டும்.

அன்றே அவர்களுக்கு எழுதினான். பட்டியலைப் பயன்படுத்துங்கள், சந்தோஷம். பெயர்களையும் உரிமத்தையும் திரும்பப் போடுங்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து அவனுடைய 'ஆர்வத்தைப் பாராட்டி' ஒரு தன்னார்வலர் சான்றிதழ் வந்தது. மறுபடி எழுதினான். சட்டப் பிரிவு பரிசீலிக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான். பதில் வருவதும் நின்றது.

இங்கேதான் நம்மைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்று 'தன்னலமற்றவர்' என்று எழுதுகிற நாம் அன்று அவனிடம் என்ன சொன்னோம்? "விட்டுடு தேவா. எப்படியோ பார்வையில்லாதவங்களுக்குப் பயன்படுதே, அது போதாதா?" என்றோம். நம் கூட்டத்தில், நம் மாடியில், ஒருவர் விடாமல் சொன்னோம். நானும் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பியதை அவன் குரலில் உணர்ந்தேன்.

"நீயுமா யக்கா? நான் இன்னா சாமியாரா? எனக்கு எம்பேரு வோணும். அம்சா பேரு வோணும். முனிரத்தினம் அண்ணன் பேரு வோணும். எங்கப்பன் ஆயுசு பூரா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டான். எந்த நெல்லு மூட்டையிலயாவது அவன் பேரு இருந்துதா? நான் தட்டி வுட்ட பார்ட்டு எத்தினி வண்டியில ஓடுது, ஒன்னுலயாவது எம்பேரு கீதா? இந்த ஒரு வேலையிலதான் எயுதியே வச்சிக்கிறாங்க, பேர எடுக்கக் கூடாதுன்னு. அதுக்காவத்தான் நான் இதுக்கு வந்தேன். அதையும் வுட்டுடுன்னா எப்டி?"

அவன் ஆயில் நாற்றம் படிந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. நாமும் கூப்பிடவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. இதை எனக்குச் சொன்னவர் அவனோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த, பட்டியலின் முப்பத்தேழு பேரில் ஒருவரான பாஸ்கர். அடக்கம் முடிந்து, கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து வேலி ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார். காலை முதல் ஷிப்ட். நாஷ்டா நேரத்துக்கு முன்பே தேவா நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறான். வேர்த்து ஊற்றியிருக்கிறது. ஷிப்ட் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். "ரிலீவர் வர்ற வரைக்கும் உக்காரு. இப்ப லைன் நின்னா யாரு பதில் சொல்றது?" என்றாராம் அவர். மாற்று ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரமும் தேவா ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு தானே நடந்து கேட்டுக்குப் போனான். வண்டி ஏற்பாடு செய்து ஏற்றியபோது பேசினானாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பேச்சில்லை.

தொழிற்சாலை ஒட்டிய அறிவிப்பில் இருந்தது இது: 'பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் திடீர் உடல்நலக் குறைவால் மறைந்த எங்கள் அன்பு ஊழியர்.'

பணி முடிந்து! இரண்டு மணிக்கு முடியும் ஷிப்டில், பதினொரு மணிக்கு முன்பே செத்துப்போன ஒருவன் பணி முடிந்து எப்படித் திரும்பினான்?

ரெஜினாவும் நானும் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டாவது பத்தியில் கண்ணால் பார்த்தவர் யார் என்று எழுதவேண்டிய இடம் வந்தது. பாஸ்கரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"அக்கா, எனக்கும் புள்ள குட்டி கீது" என்றார்.

"தெரியும் பாஸ்கர். உங்கள கட்டாயப்படுத்தல. பார்த்த ஊழியர் ஒருவர்னு பேர் இல்லாம எழுதிக்கிறேன்."

அவர் லாரிச் சத்தத்தை விட்டு நகர்ந்து போவது கேட்டது. பிறகு, "வோணாம்க்கா. எம்பேர போட்டுக்கோ. இனிஷியலோட போடு" என்றார்.

போட்டோம். ஆய்வாளர் வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பாஸ்கரை வேறு ஷெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சூப்பர்வைசர் அதே இடத்தில் இருக்கிறார். விசாரணை நடக்கிறது என்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அந்த அலுவலகத்துக்கு ஃபோன் செய்கிறேன். ஃபோன் செய்வது என் தொழில். எனக்குச் சலிக்காது.

இதற்கு நடுவில் அந்தச் செயலி நிறுவனத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மிகவும் இனிமையான பெண் குரல். "மேடம், தேவசகாயம் சாரோட நினைவா வருஷா வருஷம் ஒரு விருது கொடுக்கலாம்னு இருக்கோம். தன்னலமற்ற தன்னார்வலர் விருது. உங்க குழுவோட சம்மதம் வேணும்."

"விருதுக்கு அவன் பேர வைப்பீங்களா?"

"கண்டிப்பா மேடம். அவர் பேர்லதான்."

"அப்ப உங்க செயலியில ஏன் வைக்கல?"

அவள் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னாள். பாட்டுப் போட்டார்கள். திரும்பி வந்து, "அது டெக்னிக்கல் விஷயம் மேடம், வேற டீம் பார்க்கறாங்க" என்றாள்.

"நல்லதும்மா. அந்த வேற டீம் கிட்ட சொல்லிடுங்க. அவனப் பத்தி நான் ஒரு கட்டுரை எழுதிக்கினு இருக்கேன். பள்ளிப்பட்டுங்கிற பேர உங்க செயலி எப்படிப் படிக்குது, ஏன் அப்படிப் படிக்குதுன்னு அதுல ஒரு பத்தி வரும். முனிரத்தினம் அண்ணன் பதிவு பண்ண ஒரிஜினல் குரல் எங்க கிட்ட இருக்கு. வேகத்தடை சத்தத்தோட இருக்கு."

எண்ணிப் பத்தாவது நாள் அந்தச் செயலியின் புதிய பதிப்பு வந்தது. முப்பத்தேழு பெயர்களும், அவன் பெயரும், உரிமமும் இருந்தன. எத்தனை மாதம் கெஞ்சினான் உயிரோடு இருந்தவன். பெயர் போடும் வேலைக்குப் பத்து நாள்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதைத் தொடங்க அவர்களுக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

செய்தியைச் சொல்ல ரெஜினா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பெயராகப் படிக்க வைத்தேன். அம்சா, முனிரத்தினம், பாஸ்கர் என்று வரிசையாக வந்து கடைசியில் தேவசகாயம் வந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "இப்ப போட்டுக்கினாங்களா? அவரு கேக்கும்போது இன்னா, கை வலிச்சிதா இவங்களுக்கு?" என்றாள்.

அவனை நேசித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எதையும் எதிர்பார்க்காதவர்' என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். அவன் எதிர்பார்த்தான். ஒரு மூன்று வரிக் கடிதத்தை எதிர்பார்த்தான். கழுத்தில் சரியான அட்டையை எதிர்பார்த்தான். நாம் அவன் பக்கம் நிற்போம் என்று எதிர்பார்த்தான். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் போ என்று ஒருவர் சொல்வார் என எதிர்பார்த்தான். எதுவும் எதிர்பார்க்காதவன் என்று சொல்லிவிட்டால் இவை எதையும் கொடுக்காமல் போனதற்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சொல் அவனைப் புகழ்வதற்காக இல்லை. நாம் தப்பித்துக்கொள்வதற்காக இருக்கிறது.

பட்டியலை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நிரலில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததைக் குழுவில் கேட்கிறேன். பாஸ்கர் புது ஷெட்டிலிருந்து புதுப்புதுச் சொற்களாகப் பதிவு செய்து அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொன்னவரின் பெயரை எழுதுகிறேன், கேட்டு, எழுத்துக்கூட்டி, ஒருமுறை படித்துக்காட்டி.

தேவசகாயம் செய்தது எல்லாம் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், பகிர்ந்துகொள்ளுங்கள். அவனுடைய கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமைகளில் எனக்கு அது வேண்டியிருக்கிறது.